மனவுறுதி என்னும் புதுத் தலையெழுத்து

சமீப காலமாய் நமது நாட்டில் உடல் பருமனைப் பற்றிய பேச்சு பெரும் பேச்சாய் நடந்து வருகின்றது. பத்திரிகையைத் திறந்தால் அதுதான். கைப்பேசியைத் திறந்தால் அதுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் அதுதான். இலையில் ஜிலேபி விழும்போதே பக்கத்து இலைக்காரர், "என்னம்மா, உடம்பு ரொம்ப ஏறிவிட்டதே, கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்று விசாரிக்கிறார். அந்த அம்மாளும், "குறைக்க வேண்டுமென்றுதான் நினைக்கிறேன், நாலு நாள் செய்கிறேன், அப்புறம் மனசில் உறுதி நிற்கமாட்டேன் என்கிறது" என்று, ஏதோ திருடிவிட்டு அகப்பட்டுக் கொண்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்லுகிறார். கேட்டவர், "எல்லாவற்றிற்கும் மனசுதான் காரணம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, இரண்டாவது ஜிலேபிக்குக் கையை நீட்டுகிறார்.

இந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று விசாரிப்பதே இவ்வியாசத்தின் நோக்கம். குடும்பத்தைத் தோளில் சுமக்கும் ஒருவருக்கு, முக்கியமாய் ஒரு பெண்ணுக்கு, எடையைக் குறைக்கும் ஊக்கம் ஏன் நிலைத்து நிற்பதில்லை? கோளாறு அவள் மனத்தில் இருக்கிறதா, அல்லது அவளை வைத்து நடக்கும் வீட்டின் ஏற்பாட்டில் இருக்கிறதா? நாம் இரண்டாவதுதான் என்று சொல்லுகிறோம். அதற்குக் காரணமும் காட்டுகிறோம், கணக்கும் காட்டுகிறோம். வாசகர்கள் நாம் சொல்லுவதாலேயே நம்பிவிட வேண்டியதில்லை. தங்கள் தங்கள் வீட்டு அடுப்படியை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

விஷயம் அற்பமானதல்ல

"இது பணக்காரர் வீட்டுக் கவலை, இதற்கு ஒரு வியாசமா?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்கார் கணக்கையே காட்டுகிறோம். தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலுள்ள பெண்களில் உயரத்துக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் 2015-16இல் 100க்கு 31 பேர். 2019-21இல் எடுத்த கணக்கில் அது 100க்கு 40 பேராக ஏறிவிட்டது. ஆண்களிலும் 28 பேராக இருந்தது 37 பேராக ஆகிவிட்டது. நூற்றுக்கு நாற்பது பேர் பணக்காரர்களாக இருக்கும் நாடு இது என்று யாராவது சொல்லத் துணிவார்களா? ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களும், தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கிறவர்களும், பள்ளிக்கூடத்து ஆசிரியைமார்களும் சேர்ந்துதான் இந்த நாற்பது.

அழகுக்காக மெலிய வேண்டும் என்றால் அதைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. ஒருவர் எந்த அளவில் இருந்தால் அழகு என்று தீர்ப்புச் சொல்ல இன்னொருவருக்கு என்ன அதிகாரம்? நாம் கவலைப்படுவது வியாதியைப் பற்றி. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 14 பேருக்கு அது இருக்கிறது. இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்புக்கும் இந்த வியாதிக்கும், இரத்தக் கொதிப்புக்கும், இருதய நோய்க்கும் உள்ள சம்பந்தம் வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட சங்கதி. ஆகவே ஒரு தாய்க்கு எடை குறைவதும் குறையாததும், அவள் ஐம்பது வயதில் முழங்காலைப் பிடித்துக் கொண்டு உட்காருவதா, எழுந்து நடமாடுவதா என்பதைப் பொறுத்த காரியமே ஒழிய, கண்ணாடிக்கு முன் நிற்கும் காரியமல்ல.

பழைய சரக்குக்குப் புதுப் பெயர்

முன்காலத்தில் ஒருவன் பட்டினி கிடந்தால், "அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லிவிட்டால், அவன் உழுது விளைவித்த நெல் யார் வீட்டுக் குதிருக்குப் போயிற்று என்று யாரும் கேட்க வேண்டிய அவசியமில்லை அல்லவா? அதற்காகவே தலையெழுத்து உண்டாக்கப்பட்டது. இன்றைக்கு அந்த வார்த்தையைப் படித்தவர்கள் சொல்ல வெட்கப்படுகிறார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்ய வேறொரு வார்த்தையைப் பிடித்துக் கொண்டார்கள். அதுதான் 'மனவுறுதி.' "உனக்கு மனவுறுதி இல்லை" என்று ஒரு பெண்ணின் தலையில் போட்டுவிட்டால், அவளுடைய நாளில் உள்ள நேரமெல்லாம் யார் குதிருக்குப் போயிற்று என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அவளுடைய நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். விடியற்காலம் 5 மணிக்கு எழுந்திருக்கிறாள். பால் காய்ச்சுவதும், காப்பி போடுவதும், பிள்ளைகளுக்குக் காலைப் பலகாரமும் மத்தியானச் சோற்றுப் பெட்டியும், கணவனுக்கு வேறொரு பெட்டியும், மாமியாருக்கு உப்புக் குறைந்த குழம்பும் தயார் செய்கிறாள். பிள்ளையின் காலுறையில் ஒன்று காணவில்லை என்றால் அதைத் தேடுகிறவளும் அவளே. பிறகு அவளும் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் திரும்பி வந்தால் மாவு அரைப்பதும், துணி மடிப்பதும், பிள்ளையின் பாடமும், ராத்திரிச் சாப்பாடும், பாத்திரமும் காத்திருக்கின்றன. அடுப்பைத் துடைத்துவிட்டுப் படுக்கும்போது மணி 11. இந்தப் பதினெட்டு மணி நேரத்தில் அவள் தனக்கென்று வைத்துக் கொண்டது குளிக்கிற நேரம்தான். அதிலும் நடுவில் யாராவது கதவைத் தட்டுகிறார்கள்.

இருபது வருஷமாய், ஞாயிற்றுக்கிழமை என்றும் பண்டிகை என்றும் ஒருநாள் லீவு இல்லாமல், ஜுரம் அடித்த நாளிலும்கூட 5 மணிக்கு எழுந்து நிற்கிற ஒருத்திக்கு மனவுறுதி இல்லை என்றால், இந்த நாட்டில் மனவுறுதி உள்ளவன் யார் என்று கேட்கின்றோம்.

கணக்கு என்ன சொல்லுகிறது?

நாம் வாய்க்கு வந்தபடி பேசுகிறோம் என்று யாரும் சொல்லாதிருக்க, இதற்கும் சர்க்கார் கணக்கே இருக்கிறது. ஜனங்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று இந்திய சர்க்கார் 2019இலும் 2024இலும் கணக்கெடுத்தார்கள். 2019 கணக்கின்படி, ஒரு நாளில் கூலியில்லாத வீட்டு வேலை எதையாவது செய்தவர்கள் பெண்களில் 100க்கு 81 பேர். ஆண்களில் 100க்கு 26 பேர். 2024 கணக்கின்படி, அவ்வேலையைச் செய்கிற பெண் ஒருத்தி அதற்காக நாளொன்றுக்குச் செலவழிப்பது சராசரி 289 நிமிஷம். செய்கிற ஆண் செலவழிப்பது 88 நிமிஷம். துரும்பைக்கூட எடுத்துப் போடாத ஆண்களை இந்தச் சராசரியில் சேர்க்கவே இல்லை என்பதைத் தோழர்கள் மறந்துவிடக் கூடாது. அவர்களையும் சேர்த்தால் அந்த 88 எங்கே போய் நிற்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி, உடம்பு நன்றாயிருக்க என்ன வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னபடி, வயது வந்தவர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்கும்படியான நடை போன்ற தேகப் பயிற்சி செய்ய வேண்டும். 150ஐ ஏழால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 22 நிமிஷம் ஆகிறது. மேலே சொன்ன 289க்கும் 88க்கும் உள்ள வித்தியாசமோ 201 நிமிஷம். அந்த 201இல் ஒன்பதில் ஒரு பங்கை ஆண்பிள்ளை தன் தலையில் ஏற்றுக் கொண்டால், பெண்பிள்ளைக்கு அந்த 22 நிமிஷம் கிடைத்துவிடும். அப்படி ஏற்றுக் கொண்ட பிறகும் அவள் வேலை 267 நிமிஷமாகவும், இவன் வேலை 110 நிமிஷமாகவுந்தான் இருக்கும். அதாவது அப்போதும் அவள் இவனைப் போல் இரண்டு பங்குக்கு மேலேயே செய்து கொண்டிருப்பாள். சமத்துவத்தைக்கூட நாம் இங்கே கேட்கவில்லை. ஒன்பதில் ஒன்றைத்தான் கேட்கிறோம். இதையும் கொடுக்க மனம் வராதவர், "உனக்கு மனவுறுதி இல்லை" என்று அவளைப் பார்த்துச் சொல்ல என்ன யோக்கியதை உடையவர்?

நம் வீட்டுச் சங்கதி

ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் நம் வீட்டுச் சங்கதியையே சொல்லிவிடுகிறோம். நம் வீட்டம்மாளுக்கு வைத்தியர் எடையைக் குறைக்கும்படி சொன்னபோது, நாம் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக் கொண்டு, விலை கொடுத்து ஒரு ஜோடி நடைச் செருப்பு வாங்கி வந்து கொடுத்தோம். எட்டு நாள் விடியற்காலையில் நடந்தார். ஒன்பதாம் நாள் நின்றுவிட்டார். நாமும் மற்றவர்களைப் போலவே, "நான் நினைத்தேன், உனக்கு எதிலும் ஊக்கம் நிலைக்காது" என்று சொன்னோம். அதற்கு அவர் சண்டைக்கு வரவில்லை. "நடந்துவிட்டு வந்தால் இட்லி ஊற்ற அரைமணி தாமதமாகிறது. பெரியவனுக்குப் பஸ் போய்விடுகிறது. அந்த அரைமணியை ஈடுகட்ட நாலரைக்கு எழுந்தேன். மத்தியானம் வேலை செய்கிற இடத்தில் கண்ணைச் சொருகுகிறது. நீங்கள் செருப்பு வாங்கிக் கொடுத்தீர்கள். நேரத்தை எந்தக் கடையில் வாங்குவது?" என்று கேட்டார்.

நமக்கு வாய் அடைத்துப் போயிற்று. பெண் விடுதலையைப் பற்றி நாம் பேசிய பிரசங்கங்களெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன் காற்றாய்ப் பறந்தன. மறுநாளிலிருந்து காலைக் காப்பியும், இட்லித் தட்டும், பிள்ளைகளின் சோற்றுப் பெட்டியும் நம் பொறுப்பென்று ஏற்பாடாயிற்று. முதல் வாரம் இட்லி கல்லாயிருந்ததும், பிள்ளைகள் முகத்தைச் சுளித்ததும் வாஸ்தவந்தான். ஆனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அந்த அம்மாளின் நடையும் நிற்கவில்லை. ஐந்து மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. அதைவிடப் பெரிது, மாடிப்படி ஏறும்போது வந்த மூச்சு வாங்கல் நின்றுவிட்டது. அவருக்குப் புதிதாய் எந்த மனவுறுதியையும் எவரும் கொண்டுவந்து ஊட்டவில்லை. இருந்த உறுதிக்குத் தடையாய் நின்றவன் கொஞ்சம் விலகிக் கொண்டான், அவ்வளவுதான்.

பசி குற்றமல்ல

நிற்க. நேரம் கிடைத்துவிட்டால் போதுமா, வாயைக் கட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். அதையும் பார்ப்போம். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 1944-45இல் ஒரு பரீட்சை நடத்தினார். அதற்குத் தாமாக முன்வந்தவர்கள் 36 வாலிபர்கள். கொலை செய்வது தவறு என்னும் கொள்கைக்காக, யுத்தத்தில் துப்பாக்கி எடுக்கமாட்டோம் என்று சர்க்காரையே எதிர்த்து நின்றவர்கள். மனவுறுதிக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? அவர்களுக்கு 24 வாரம் அரை வயிற்று ஆகாரம் கொடுத்தார்கள். எடையில் சுமார் கால் பங்கு குறைந்தது. ஆனால் அவர்கள் நிலைமை என்னவாயிற்று? ராத்திரி பகல் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் புத்தகங்களை எடுத்து வைத்துக் கொண்டு படித்தார்கள். எரிச்சலும் சோர்வும் மேலிட்டு, எந்த வேலையிலும் நாட்டமில்லாமல் போனார்கள். பிள்ளை குட்டி இல்லாத, அடுப்படிப் பக்கம் போக வேண்டாத கொள்கை வீரர்கள் கதியே இப்படியானால், நாள் முழுதும் அடுப்பண்டையில் நின்று கொண்டு, பத்துப் பேருக்கு ஆக்கி இறக்கிக் கொண்டே தான் மட்டும் பட்டினி கிடக்கிறவள் கதி என்ன?

இப்போது எடை குறைய ஊசி மருந்து வந்திருக்கிறது. செமாக்ளுடைட் என்னும் மருந்தை வாரத்துக்கு ஒருதரம் போட்டுக் கொண்டவர்கள் 68 வாரத்தில் சராசரி 100க்கு 15 பங்கு எடை குறைந்ததாக 2021இல் ஒரு பரீட்சை வெளிவந்தது. மருந்தை நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறிவிட்டதாகவும் தெரிந்தது. நாம் கேட்கிறோம்: அந்த ஊசிக்குள் மனவுறுதியையா கரைத்து வைத்திருந்தார்கள்? மருந்து உள்ளே போனால் ஒழுக்கம் வந்து, மருந்து நின்றால் ஒழுக்கம் கெட்டுவிடுமா? பசியும் தெவிட்டலும் உடலுக்குள் ஊறும் சுரப்பு நீர்களின் வேலை. அதில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை என்பதே இதன் அர்த்தம். அம்மருந்து யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது வைத்தியர் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

அன்றியும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை வைத்துச் செய்த ஒரு பரீட்சை 2019இல் வெளிவந்தது. இரண்டு வாரம் ஆலைகளில் பக்குவம் செய்து அடைத்து வரும் தின்பண்டங்களும், இரண்டு வாரம் சாதாரணமாய்ச் சமைத்த ஆகாரமும் கொடுத்து, வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். ஆலைப் பண்டம் தின்ற நாட்களில் அதே ஆட்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாய்த் தின்றார்கள். ஆள் மாறவில்லை, மனமும் மாறவில்லை, தட்டில் இருந்ததுதான் மாறிற்று. ஆகவே வீட்டுக்குள் பிஸ்கோத்துப் பொட்டலத்தையும் மிக்சர் டப்பாவையும் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியையும் வாங்கிக் கொண்டுவந்து அடுக்கி வைத்துவிட்டு, "நீ மட்டும் தொடாதே" என்று ஒருத்திக்குக் கட்டளையிடுவது அறிவுக்குப் பொருத்தமான காரியமல்ல.

இன்னொரு அக்கிரமமும் இருக்கிறது. பிள்ளை கடித்துவிட்டு வைத்த தோசை, பெரியவர் போதும் என்று ஒதுக்கிய சோறு, ராத்திரி மிஞ்சிப்போன குழம்பு இவையெல்லாம் எங்கே போகின்றன? வீணாகக் கூடாதென்று தாயின் வயிற்றுக்குப் போகின்றன. குடும்பத்தில் எல்லோருக்கும் தட்டு இருக்கிறது. அவளுக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. மிச்சத்துக்கு அளவு ஏது? அளவில்லாத ஆகாரத்தைக் கொடுத்துவிட்டு, அளவாய்ச் சாப்பிடத் தெரியவில்லை என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆட்சேபணைகளுக்குப் பதில்

"வீட்டு வேலையே நல்ல தேகப் பயிற்சி அல்லவா, தனியாக நடப்பானேன்?" என்று ஒரு கூட்டத்தார் கேட்கிறார்கள். அவ்வளவு நல்ல பயிற்சியானால், 100க்கு 37 பேராய்ப் பெருத்திருக்கும் ஆண்கள் அந்த நல்ல சரக்கை முழுவதும் பெண்களுக்கே விட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பானேன்? தண்ணீர் சேந்துவதும், உரலில் இடிப்பதும், அம்மியில் அரைப்பதும் போன பிறகு, இன்றைய அடுப்படி வேலையில் பெரும்பகுதி நின்ற இடத்தில் நிற்பதுதான். அது காலில் வலியை உண்டாக்குமே தவிர, மூச்சு வாங்கும்படியான நடைக்கு ஈடாகாது.

"எங்கள் பாட்டிமார்கள் எந்த நடை நடந்தார்கள்? சிக்கென்று இருக்கவில்லையா?" என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். அவர்கள் சிக்கென்று இருந்தது பாதி உழைப்பாலும் பாதி பட்டினியாலும். எட்டுப் பிள்ளை பெற்று, நாலைப் புதைத்து, கடைசிப் பந்தியில் கஞ்சித் தண்ணீரைக் குடித்து மெலிந்தவர்களை ஆரோக்கியத்துக்கு உதாரணமாகக் காட்டுவது இரக்கமற்ற பேச்சு. இன்றைக்கும் தமிழ்நாட்டில், 2019-21 கணக்கின்படி, அதே வயதுப் பெண்களில் 100க்கு 12 பேருக்கு மேல் இருக்க வேண்டிய எடை இல்லாமல் இருக்கிறார்கள். பெருத்தவளும் மெலிந்தவளும் இரண்டு சாதியல்ல. தன் தட்டைத் தானே தீர்மானிக்க முடியாத இருவருமே அவர்கள்.

"பெண்கள் காலையில் தெருவில் நடந்தால் நாலு பேர் நாலு விதமாய்ப் பேசுவார்களே" என்பது மூன்றாவது ஆட்சேபணை. கோயிலுக்கு நடந்தால் பேசாத வாய், கடைக்கு நடந்தால் பேசாத வாய், தன் உடம்புக்காக நடந்தால் மட்டும் பேசுகிறதென்றால், அந்த வாயைத்தானே திருத்த வேண்டும்? ஒருத்தியாய் நடக்கக் கூச்சமானால், தெருவில் உள்ள நாலு பெண்கள் சேர்ந்து நடக்கட்டும். நாலு பேர் சேர்ந்தால் ஒருத்தி சோர்ந்த நாளில் மற்ற மூவர் வந்து கதவைத் தட்டுவார்கள். ஊக்கம் என்பது அப்படித்தான் நிலைக்குமே தவிர, சுவரில் வாசகம் எழுதி ஒட்டுவதால் நிலைக்காது.

பாவமும் பிராயச்சித்தமும்

எடை குறைப்பவர்கள் பேசும் பாஷையைக் கவனித்துப் பாருங்கள். "நேற்று ஒரு லட்டு தின்றுவிட்டேன், பெரிய பாவம், இன்றைக்கு ஒருவேளை பட்டினி" என்கிறார்கள். "தை பிறக்கட்டும்", "புது வருஷம் வரட்டும்", "நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்கிறேன்" என்கிறார்கள். விரதம், பாவம், பிராயச்சித்தம், நாள் நட்சத்திரம் எல்லாவற்றையும் வாசல் வழியே வெளியேற்றியவர்கள்கூட, எடை மெஷின் வழியாக அவற்றை உள்ளே அழைத்துக் கொள்ளுகிறார்கள். இதனால் விளையும் கெடுதல் என்னவென்றால், ஒருநாள் தவறியவுடன், "கெட்டது கெட்டுப் போயிற்று, இனி என்ன?" என்று முழுவதையும் கைவிட்டுவிடுகிறார்கள். விரதம் ஒருவாய்ச் சோற்றில் முறிந்து போகும். நடை அப்படியல்ல. இன்றைக்கு நடக்காவிட்டால் இன்றைய நடை ஒன்றுதான் போயிற்று. நேற்றைய நடை உடம்பில் இருக்கிறது. நாளைய நடை காலில் இருக்கிறது. லட்டு தின்றது லட்டு தின்றதுதான். அதற்குக் கணக்கு உண்டு, தண்டனை இல்லை.

இந்த பயத்தை வைத்துப் பிழைக்கும் கூட்டம் வேறு பெருகிவிட்டது. பத்து நாளில் பத்து கிலோ என்று பொடி விற்கிறவனும், தொந்தி கரையும் எண்ணெய் விற்கிறவனும், முன்பு தாயத்து விற்றவனுடைய வாரிசுகளே. பொடி பலிக்காவிட்டால், "நீங்கள் சரியாய்ப் பத்தியம் இருக்கவில்லை" என்பான். தாயத்து விற்றவனும், "நீங்கள் சுத்தமாய் இருக்கவில்லை" என்றுதானே சொன்னான்?

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, இலக்கைச் சின்னதாய் வையுங்கள். அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடத்தி 2002இல் வெளிவந்த பரீட்சையில், எடையில் 100க்கு 7 பங்கு குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிஷப் பயிற்சியும் இலக்காய் வைக்கப்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி வருவது 100க்கு 58 பங்கு குறைந்தது. 70 கிலோ உள்ளவருக்கு அது 5 கிலோதான். நமது சென்னையிலேயே, சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புத்திமதி இல்லாதவர்களில் 100க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. நடையும் ஆகாரமும் திருத்திக் கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாய்க் குறைந்துவிடவில்லை. ஆகவே மெஷின் முள் அசையவில்லை என்று அழுகிறவர்கள் கண்ணைத் துடைத்துக் கொள்ளட்டும். முள் அசையாத நாளிலும் நடை தன் வேலையைச் செய்து கொண்டுதான் இருக்கிறது. அரைமணி ஒரேயடியாய்க் கிடைக்காவிட்டால், பத்துப் பத்து நிமிஷமாய் மொட்டை மாடியில் நடந்தாலும் அது கணக்கில் சேரும்.

இரண்டாவது, அவளுக்கென்று தனிப் பத்தியம் வேண்டாம். வீட்டுக்கே ஒரே சமையல் மாறட்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்னபடி, 2000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம். அதாவது அரிசியைவிடக் காய்கறி அதிகம். நமது இலையிலோ சோறு மலையாகவும் பொரியல் ஓரத்துத் திட்டாகவும் இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் போதும். நாலு வேளை காப்பிக்கு இரண்டிரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால், கரண்டிக்கு 5 கிராமாக 40 கிராம் ஆயிற்று, 160 கலோரி. அதைப் பாதியாக்குவதற்கு எந்தத் தவமும் வேண்டியதில்லை.

மூன்றாவது, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்; அவளும் தனித் தட்டு வைத்துக் கொள்ளட்டும். மிச்சம் வைத்தவன் எவனோ அவனே அதற்குப் பொறுப்பாளி ஆகட்டும்.

நாலாவது, தூக்கத்தைத் திருடி நடக்க வேண்டாம். தூக்கம் குறைந்தால் பசி ஏறும். நடக்கிற நேரம் வேலையிலிருந்து வர வேண்டுமே தவிர, தூக்கத்திலிருந்து வரக் கூடாது.

ஐந்தாவது, சாப்பாடு ஒன்றும் மிஞ்சாமலிருந்தும் எடை ஏறிக் கொண்டே போனால், தைராய்டு சுரப்பி, மாதவிடாய்க் கோளாறு, சாப்பிடும் வேறு மருந்து இவைகளில் ஏதாவது காரணமாயிருக்கலாம். அதற்கு வைத்தியரிடம் போங்கள். பக்கத்து வீட்டுப் பொடிக்காரனிடம் போகாதீர்கள்.

முடிவாய் ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்தில் இரண்டு டீயும் நாலு வடையும் தின்று, சமத்துவத்தைப் பற்றி ராத்திரி 10 மணி வரை கைதட்டி, வீட்டுக்குப் போய், "சோறு சூடாயில்லையே" என்று கேட்கிறவர்கள் நம்மில் இல்லாமலில்லை. அவர்கள் தொந்தியும் அந்த நூற்றுக்கு முப்பத்தேழில்தான் சேர்ந்திருக்கிறது. ஆணின் தொந்திக்கு அந்தஸ்து என்று பெயர்; பெண்ணின் பருமனுக்கு மனவுறுதி இன்மை என்று பெயர்! இந்தப் புரட்டை முதலில் விட்டொழியுங்கள். நாளைக் காலையில் மணி 5 அடிக்கும்போது எழுந்து போய் அடுப்பை நீங்கள் பற்ற வையுங்கள். அந்த அம்மாள் செருப்பை மாட்டிக் கொண்டு வாசலைத் தாண்டட்டும். அப்படி ஒரு மாதம் செய்து பார்த்த பிறகும் அவருக்கு ஊக்கம் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அப்போது வந்து நம்மிடம் சொல்லுங்கள், கேட்டுக் கொள்ளுகிறோம்.